பவுன்தாயின் இடப்பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

அண்ணனுக்கு இன்று டயாலிசிஸ் நாள். விடிந்ததும் விடியாததுமாக அண்ணனும் மதினியும் மதுரை பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். நான் மூன்று ரவிக்கை தைத்தேன். அதில் ஒன்று வாத்தியார் வீட்டம்மாவுடையது. பழைய அளவையே வைத்துத் தை என்கிறாள். ஆளோ ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறாள். பிடிக்கிறது என்று வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

இந்த டைரியை உரக்கடைக்காரர் அண்ணனுக்குக் கொடுத்தார். அண்ணன் எனக்குக் கொடுத்துவிட்டார். முதல் பக்கத்தில் பெயர், முகவரி, ரத்த வகை எல்லாம் கேட்டிருக்கிறார்கள். ரத்த வகை மட்டும் காலியாகக் கிடந்தது. போன மாதம்தான் தெரிந்தது. ஓ பாசிட்டிவ். நிரப்பிவிட்டேன்.

எல்லோரிடமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மதினிக்கு ரத்த வகையே சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. என்னுடையது அண்ணனோடு சேருகிறதாம். அன்று வீட்டில் பாயாசம் வைத்தார்கள். என் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் என்னை வைத்துப் பாயாசம் காய்ச்சியது அன்றுதான்.

சாயங்காலம் திரும்பி வந்ததும் மதினி செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "பவுனு, அடுத்த வியாழக்கிழமை ஒன்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாரச் சொல்லிருக்காக. ஏதோ சாயம் ஏத்தி எக்ஸ்ரே எடுக்கணுமாம்."

"எனக்கு என்ன நோவு?"

"ஒனக்கு ஒண்ணும் இல்லன்னு பாக்கத்தான்."

நல்ல கூத்து. ஒன்றுமில்லை என்று பார்க்க ஒரு எக்ஸ்ரே.

ஜூன் 5, வியாழன்

காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பினேன். மதினி ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். "ஐயோ, நீ தூக்காத. இடுப்புல வைக்கிற கொடம், பட்டுக்கிட்டு வச்சிரும்." பதின்மூன்று வருஷமாக என் இடுப்பில் குடம் பட்டதில்லையா? அப்போது எங்கே போயிருந்தாள்?

மத்தியானம் அம்மா எனக்கு முதலில் சோறு போட்டாள். ஆம்பிளைக்கு முன்னால் எனக்கு. முட்டை வைத்தாள். உப்பைக் குறைத்திருந்தாள், "ஒனக்கு உப்பு ஆகாது தாயி" என்றாள். தாயியாம். நேற்று வரைக்கும் 'ஏ மூதி' என்றுதான் கூப்பிடுவாள். அந்த மூதி எங்கே போனாள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். ஏதோ உறுத்தி முழித்தால், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் இடப்பக்கம் விலாவுக்குக் கீழே கையை வைத்திருக்கிறாள். தடவிக்கொடுக்கிறாள். வாய் எதையோ முணுமுணுக்கிறது. என்னோடு பேசவில்லை. என் கண் திறந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். "பத்திரமா இருய்யா, பத்திரமா இரு" என்று சொல்வது மட்டும் காதில் விழுந்தது.

கையை எடுக்கிற வரைக்கும் நான் அசையவில்லை. பாசம்தான். வேறென்ன?

ஜூன் 6, வெள்ளி

டயாலிசிஸ். ஐந்து ரவிக்கை. கொக்கி தீர்ந்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணனுக்கு நல்லபடியாக முடிய வேண்டும் என்று அம்மா காளிக்குக் கிடா நேர்ந்திருந்தாள். முடிந்த பிறகுதான் வெட்டுவார்கள் ஊர் உலகத்தில். அம்மாவுக்குப் பொறுமை இல்லை, முன்கூட்டியே கொடுத்துவிட்டால் காளிக்குக் கடமை வந்துவிடும் என்கிறாள். சாமியோடு யார் பேரம் பேசுவது?

கறுப்புக் கிடா. மாசியில் குட்டியாக வாங்கி நான்தான் அகத்திக்கீரை போட்டு வளர்த்தேன். என் முந்தானையைச் சப்பும். கோயில் முன்னால் நிறுத்தி மாலை போட்டு மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றினார்கள். இனி அது உடம்பைச் சிலுப்பித் துலுக்க வேண்டும். துலுக்கினால்தான் அதற்குச் சம்மதம், சாமிக்கும் சம்மதம். துலுக்காத ஆட்டை வெட்டக்கூடாது. எங்கள் பக்கம் இது சட்டம் மாதிரி.

கிடா துலுக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. மறுபடி ஊற்றினார்கள். நின்றது. அம்மா மாரில் அடித்துக்கொண்டு "என்ன கொறை வச்சேன் சொல்லு ஆத்தா" என்று அழுதாள். கூட்டம் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு ஒரு ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அது என்னைப் பார்த்தது. கீரை கொண்டு வந்திருக்கிறேனா என்று பார்த்திருக்கும்.

கடைசியில் பூசாரி குனிந்து அதன் காதுக்குள் தண்ணீரை விட்டார். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடுதான் தலையை உதறாது? உதறியது. "துலுக்கிருச்சு!" என்று எல்லோரும் குலவை போட்டார்கள்.

அண்ணனுக்குக் கறி ஆகாது. எனக்குத்தான் ஈரலை வைத்தார்கள். உடம்புக்கு நல்லதாம். எனக்கு இறங்கவில்லை. பல்வலி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. என்னை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு உன் கிட்னியில் ஒன்றைக் கொடுக்கிறாயா என்று அம்மா கேட்கவில்லை, மதினி கேட்கவில்லை, அண்ணன் கேட்கவில்லை. எக்ஸ்ரேக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் படுக்கக் கட்டிலை எந்த மூலையில் போடுவது என்றுகூடப் பேசியாகிவிட்டது. கேள்வி மட்டும் இல்லை.

அண்ணன் எனக்குச் செய்யாததா? என்னைக் கட்டிய அந்த மனுஷன் திருப்பூரில் வேறு ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று தெரிந்த அன்றைக்கே வந்து, என்னையும் என் டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்கவில்லை. தையல் மிஷின் வாங்கிக் கொடுத்தார். ஒரு நாள் ஒரு சொல் சொன்னதில்லை. அவர் கேட்டால் நான் மறுப்பேனா?

பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

நாளைக்கு எக்ஸ்ரே. ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியபடி இன்று கஞ்சி மட்டும். பருப்பு, கீரை, பால் எதுவும் கூடாது. வயிற்றில் காற்று நின்றால் படத்தில் கிட்னியை மறைத்துவிடுமாம். ராத்திரிக்குப் பேதி மாத்திரை, அதற்கப்புறம் பச்சைத் தண்ணீரும் பார்த்துத்தான்.

மாத்திரையை அம்மா தன் கையால் என் வாயில் போட்டாள். முழுங்கினேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

மூன்று தடவை போயாகிவிட்டது. நான்காவது வருகிறது. எழுத முடியாது.

ஜூன் 12, வியாழன்

முழுக்க எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் தூக்கம் வரும்.

எக்ஸ்ரே அறை குளிர்ந்து கிடந்தது. ஜன்னல் இல்லை. ஜெசிந்தா என்று ஒரு பெண்தான் படம் எடுப்பவள். வெடுவெடுவென்று பேசினாலும் நல்ல மனசு. ஆஸ்துமா உண்டா, ஊசி மருந்து ஏதும் ஒத்துக்காமல் போயிருக்கிறதா, கடைசியாக எப்போது தூரம் ஆனது என்று வரிசையாகக் கேட்டாள். ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொன்னாள். ஊக்கு, கொக்கி, தாலி எல்லாம் கழற்றச் சொன்னாள். அந்த மனுஷன் கட்டிய தாலியை இத்தனை வருஷத்தில் நான் கழற்றியதே இல்லை. அம்மா கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன். அம்மாவையும் மதினியையும் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள்.

முதலில் சாயம் இல்லாமல் ஒரு படம். பிறகு கையில் ஊசி குத்தி ஒரு சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்தாள், ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க. அப்புறம் சொன்னாள்: "இப்ப முழுசா ஏத்தப் போறேன். ஒடம்பெல்லாம் குபுகுபுன்னு சூடாகும். வாயில இரும்பைக் கடிச்ச மாதிரி இருக்கும். ஒண்ணுக்கு வந்துட்ட மாதிரித் தோணும், வந்திருக்காது. பயப்படாதீங்க. மூச்சை நிறுத்துங்கன்னா நிறுத்தணும்."

சொன்னது சொன்னபடி நடந்தது. சூடு தொண்டையில் தொடங்கிக் கீழே இறங்கியது, யாரோ எனக்குள் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. அடிவயிற்றில் ஒரு அகலமான பெல்ட்டைப் போட்டு இறுக்கினாள். சாயம் சீக்கிரம் கீழே ஓடிவிடாமல் இருக்க. மூச்சை நிறுத்துங்க. விடுங்க. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. மூச்சை நிறுத்துங்க. விடுங்க. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அவள் குரல் மட்டும் வந்தது. அறையில் நான் தனியாகக் கிடந்தேன். ஆனால் தனியாக இருக்கிற மாதிரித் தோன்றவில்லை. யாரோ எனக்குள் புகுந்து ஒவ்வொரு அறையாக விளக்குப் போட்டுத் தேடுகிறார்கள். என் வீடு, எனக்கே வழி தெரியாது. அவர்களுக்குத் தெரிகிறது.

பெல்ட்டைத் தளர்த்தியதும் குளிர் வந்தது. சாதாரணக் குளிர் இல்லை. பல் கிட்டிக்கொண்டு, தலையிலிருந்து கால் வரை உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மேஜையே ஆடியது. நிறுத்தப் பார்த்தேன், என் சொல்பேச்சை உடம்பு கேட்கவில்லை. ஜெசிந்தா கதவைத் திறந்துகொண்டு நர்சைக் கூப்பிட ஓடினாள். "சில பேருக்கு வரும்மா, சரியாப் போயிரும், சரியாப் போயிரும்."

திறந்த கதவில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நான் கிடந்து ஆடுவதைப் பார்த்தாள். பதறி ஓடி வருவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மெதுவாக மலர்ந்தது. தாலி சுற்றிய கையோடு கும்பிட்டாள்.

"துலுக்கிருச்சு" என்றாள்.

நர்ஸ் வந்து ஒரு ஊசி போட்டுக் கம்பளியைப் போர்த்தினாள். நின்றுவிட்டது. எழுந்து ஒன்றுக்குப் போய்வந்த பிறகு கடைசிப் படம் ஒன்று எடுத்தார்கள். அதற்குள் முந்தின படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டியிருந்தார்கள். ஜெசிந்தா காட்டினாள். என் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் மொச்சைக் கொட்டை மாதிரி இரண்டு. உள்ளே வெள்ளை வெளேரென்று விரல் விரித்த இரண்டு சின்னக் கைகள். யாரையோ வா என்று கூப்பிடுகிற மாதிரி.

"ரெண்டும் அம்சமா இருக்கு. இந்த மாதிரிச் சுத்தமாப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றாள் ஜெசிந்தா.

தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். பஸ்ஸில் வரும்போது அம்மா பாட்டிலை நீட்டிக்கொண்டே வந்தாள். மதினி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தாலியை நானாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 14, சனி

ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்க்கிற டாக்டரம்மா என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். மதினியும் கூட வந்தாள். "நீங்க வெளிய இருங்க" என்று சொல்லிவிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

என் படங்கள் மேஜை மேல் உறைக்குள் இருந்தன. அவற்றைத் தொடவே இல்லை. என்னை ஒரு கேள்வி கேட்டார்கள். எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. "உங்க வாயால சொல்லுங்க. வேற யாருக்கும் தெரியாது, அதுக்கு நான் பொறுப்பு" என்றார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். வெங்காயம் உரித்தாலும் வருகிற தண்ணீர்தானே. அதை யாராவது பதில் என்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய? நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன், நான் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். படங்களை உறையோடு என்னிடமே கொடுத்தார்கள். பிறகு வெளியே போய் மதினியிடம், "இவங்க கிட்னி பொருந்தாதும்மா. வேற வழி பாப்போம்" என்றார்கள்.

ஆக, பொருந்தவில்லை. டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். படித்தவர்கள்.

ஜூன் 15, ஞாயிறு

குடத்தை நானே தூக்கினேன். யாரும் பிடுங்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பழையபடி கடைசியாகச் சாப்பிடுகிறேன். முட்டை நின்றுவிட்டது. உப்பு வந்துவிட்டது. அம்மா காலையில் "ஏ மூதி, வெறகு எங்கடி வச்ச?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வா மூதி, வந்து சேர்ந்தாயா?

ஆனால் வீடு ஒரு மாதிரி இருக்கிறது. நான் ஒரு அறைக்குள் நுழைந்தால் அங்கே நடந்த பேச்சு நின்றுவிடுகிறது. அம்மா என்னைத் தாண்டிப் போகும்போது சேலையை இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். அடுப்படியில் யாரும் இல்லாத நேரத்தில் சுவரைப் பார்த்து, "துலுக்குச்சே, நான் பாத்தேனே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாமி வாக்கு மாறாது, ஆஸ்பத்திரிதான் பொய் சொல்கிறது என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

மதினி கேட்டாள்: "பவுனு, அந்தப் படத்தை எங்க வச்சிருக்க? திருநெல்வேலியில ஒரு டாக்டர் இருக்காராம், நல்லாப் பாப்பாராம். கொண்டு போய்க் காட்டிட்டு வந்துருவோம். ஒருத்தர் சொன்னா அதே முடிவா?"

"பெட்டிக்குள்ள கெடக்கு, எடுத்துத் தாரேன்" என்றேன்.

ஊசியைக் கோக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

எங்கள் தொழிலில் பழைய எக்ஸ்ரே படத்துக்கு மவுசு உண்டு. ரவிக்கைக் கழுத்து வரைய அளவு அட்டையில் வெட்டினால் நாலு நாளில் மடங்கிவிடும். எக்ஸ்ரே படத்தில் வெட்டி வைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். சாக்பீஸால் ஓரம் இழுத்தால் கோடு வழுக்காது. எல்லா டெய்லர் வீட்டிலும் யாருடைய நெஞ்செலும்போ கால் எலும்போ கழுத்து அளவாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

இன்று பானைக் கழுத்து ஒன்று, வட்டக் கழுத்து இரண்டு, இலைக் கழுத்து ஒன்று வெட்டினேன். மிச்சத்தைத் துண்டு துண்டாக்கி அடுப்பில் போட்டேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

ரொம்ப நாளாக இலைக் கழுத்துக்கு நல்ல அளவு இல்லாமல் இருந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

அவர்கள் மதுரைக்குக் கிளம்புமுன் மதினி படத்தைக் கேட்டாள். அடுத்த தெருவில் தைக்கிற மாலா அளவு வெட்டக் கேட்டாள், பழசு என்று நினைத்துத் தெரியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்றேன். மதினி சுவரில் ஆணியில் தொங்கிய புது இலைக் கழுத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். புருஷன் சாகப் போகிறவளின் அழுகை எப்படி இருக்கும் என்று இன்றுதான் கேட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

அண்ணனுக்கு டயாலிசிஸ் பாதியில் பிரஷர் இறங்கி மயக்கம் வந்துவிட்டதாம். ஆட்டோவில் இருந்து இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். படுத்திருக்கிறார். நாக்கு வறண்டு ஒரு வாய் தண்ணீர் கேட்கிறார், கொடுக்கக்கூடாது. ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி உதட்டில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குழந்தை மாதிரிச் சப்பினார்.

இடப்பக்கம் வலிக்கிறது. சூட்டு வலியாக இருக்கும்.

ஜூன் 26, வியாழன்

மத்தியானம் அம்மாவும் மதினியும் அடுப்படியில் இருந்தார்கள். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து என் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. நான் தைத்துக்கொண்டே இருந்தேன்.

"பவுனு, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காத."

"கேளு."

"படம் நல்லா வந்து, டாக்டரம்மாவும் சரின்னு சொல்லியிருந்தா... நீ குடுத்திருப்பியா?"

மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "இத நீ அப்பவே கேட்டிருக்கலாம்லண்ணே. ஏன் கேக்கல?"

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊசி குத்திக் குத்தி நரம்பெல்லாம் கயிறு மாதிரிப் புடைத்திருக்கிறது.

"கேட்டா, மாட்டேன்னு சொல்லிருவியோன்னு பயம். கேக்காம விட்டா நீ பாட்டுக்கு வந்துருவ. எதுக்கும் வந்துருவ நீ. அது எனக்குத் தெரியும். அதான் கேக்கல." பிறகு குரல் உடைந்து சொன்னார்: "சாகப் பயமா இருக்கு பவுனு."

"எனக்கும்தான் பயம். என்னைய அறுக்கப் போறீக, என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. அம்மா வந்து என் வயித்தத் தடவுறா, என்னைய யாருன்னே தெரியாத மாதிரி. எனக்குப் பயமா இருக்காதா? நான் மனுசி இல்லையா?"

இதுவரை இந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியதில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அழுதார். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது.

"சரி, இப்பக் கேளு" என்றேன்.

"இப்ப எதுக்கு? அதான் ஆகாதுன்னுட்டாங்களே."

"சும்மாதான் கேளேன். காசா பணமா?"

அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்து ஊரில் யாரிடமோ பெண் கேட்கப் போனவர் மாதிரித் தொண்டையைச் செருமினார்.

"பவுனு, ஒன் கிட்னியில ஒண்ணை எனக்குக் குடுக்குறியா?"

"யோசிச்சுச் சொல்றேண்ணே."

அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் போகிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப டாக்டரம்மா சொன்னது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். என்னையே பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

அடுப்படியில் இருந்து மதினி, "என்ன சத்தம்?" என்று கேட்டாள்.

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பினார். ஒரு வார்த்தை போதும், இரண்டு பேரும் ஓடி வந்துவிடுவார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றார் அண்ணன். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சரித்தா. நல்லா யோசி. மாட்டேன்னாலும் எங்கிட்டயே சொல்லு" என்றார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து தன் கட்டிலுக்குப் போனார். நான் எழுந்து தாங்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.